கொல்லாத துப்பாக்கிக்காரன்

யசுஹிரோ நைட்டோவின் 'ட்ரைகன்' மாங்காவை ரசிகர்கள் இத்தனை காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்டால், சிவப்புக் கோட்டையும் வட்டக் கண்ணாடியையும் நீண்ட ரிவால்வரையும்தான் முதலில் காட்டுவார்கள். தோற்றம் முதல் பக்கத்துக்கு இழுத்துவரும். கடைசிப் பக்கம்வரை உட்காரவைக்காது. இந்தத் தொடர் வாசகர்களின் பொறுமையை நிறையவே சோதித்தது. 1995இல் 'ஷோனென் கேப்டன்' மாத இதழில் தொடங்கியது; 1997இல் அந்த இதழே நின்றுபோனது. பிறகு 'யங் கிங் அவர்ஸ்' இதழில் 'ட்ரைகன் மேக்ஸிமம்' என்று தொடர்ந்து, 2007இல் முடிந்து, 14 தொகுதிகளாக வந்தது. 2009இல் ஜப்பானிய அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருதும் கிடைத்தது. இவ்வளவு நீண்ட காத்திருப்புக்கு ஈடாக வாசகர்களுக்குக் கிடைத்தது என்ன? கௌபாய் கதை சொல்லாமல் விட்ட ஒரு கணக்கை இந்தக் கதை அறிவியல் புனைவைக் கொண்டு தீர்த்துப் பார்க்கிறது என்பேன்.

ஜப்பானுக்கும் கௌபாய் கதைக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது. குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) இத்தாலிக்குப் போய் செர்ஜியோ லியோனியின் 1964 படமாக மாறியது. மாங்காவில் லெய்ஜி மட்சுமோட்டோ 1977இலேயே நீராவி ரயிலை விண்வெளியில் ஓட்டிவிட்டார். அடுத்த ஆண்டு புய்ச்சி தெராசாவாவின் 'கோப்ரா' இடது கைக்குள் துப்பாக்கியோடு வந்தான். நைட்டோவின் நாயகன் வாஷுக்கும் இடது கை இயந்திரம்தான், அதிலும் துப்பாக்கி உண்டு. ஆக, கலவை ஒன்றும் புதிதல்ல.

புதியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இரண்டு சூரியன் காயும் மணல் கோளில், விழுந்து நொறுங்கிய விண்கலங்களைச் சுற்றி மனிதர்கள் ஊர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நீரும் மின்சாரமும் 'பிளான்ட்' என்ற உயிர்களிடமிருந்து வருகின்றன. ராட்சதக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்டு, கொடுத்துக் கொடுத்தே தேய்ந்து சாகும் உயிர்கள் அவை. பழைய கௌபாய் கதையில் குடியேறியவனின் வீடும் தோட்டமும் தெரியும். யாருடைய நிலத்தைப் பிடுங்கி வந்த வாழ்வு அது என்பது பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். நைட்டோ அதை ஊர் நடுவில், கண்ணாடிக்குள், எல்லோரும் பார்க்க வைத்துவிட்டார். வாஷும் அவன் இரட்டைச் சகோதரன் நைவ்ஸும் அந்தப் பிளான்ட் இனம்தான். மனித குலத்தை அழிக்கக் கிளம்பும் நைவ்ஸின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே கோபத்துக்கு முழு உரிமையுள்ள வாஷ் மனிதர்கள் பக்கம் நிற்கிறான். தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் விலை வைத்து வேட்டையாடும் அதே மனிதர்கள் பக்கம். ரசிகர்களின் அன்பு ஊன்றி நிற்பது இங்கேதான்.

துப்பாக்கி ஏந்தினாலும் யாரையும் கொல்வதில்லை என்பது வாஷின் கொள்கை. 'கொல்ல மாட்டேன் என்பது குழந்தைத்தனம், நாயகனுக்குக் குறி தவறாததால் வந்த சௌகரியம்' என்று சொல்பவர்கள் உண்டு. அவன் சட்டையைக் கழற்றும் காட்சியை அவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து வயிறுவரை வெட்டும் தையலுமாக, சதை போன இடத்தில் உலோகத் தகடும் கம்பிவலையும் பொருத்திய உடம்பு. சுடாமல் விட்ட ஒவ்வொரு முறையும் அவன் கொடுத்த விலை அதில் பதிந்திருக்கிறது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபத்தைக் கதையே வாஷோடு பயணிக்கும் உல்ஃப்வுட்டின் வாயால் எழுப்புகிறது: நீ விட்டுவைத்தவன் நாளை வேறொருவனைக் கொன்றால்? சிலுவை வடிவத் துப்பாக்கியைத் துணி சுற்றித் தூக்கித் திரியும் அந்தப் பாதிரிக்கு வாஷிடம் முழுப் பதில் இல்லை. கடைசியில் நைவ்ஸின் கையாள் லெகாட்டோவைச் சுட்டே தீர வேண்டிய இடத்துக்கு வாஷும் தள்ளப்படுகிறான். அவன் கொள்கையை உடைத்துக் காட்டும் துணிச்சல் கதைக்கு இருக்கிறது. உடைந்த பிறகும் அதையே கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறான்.

சண்டைப் பக்கங்கள் குழப்பமானவை என்ற குறையை மறுக்க மாட்டேன். 'மேக்ஸிமம்' தொகுதிகளில் கருமையும் கோடுகளும் அடர்ந்து, யார் யாரைச் சுட்டார் என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் புழுதிக்குப் பிறகு வரும் மௌனத்தை நைட்டோ போல வரைந்தவர்கள் குறைவு. உல்ஃப்வுட் சாகும் இடத்தில் திறந்தவெளியில் ஒரு சோபா, ஒரு மது பாட்டில், மேலிருந்து உதிரும் காகிதத் துணுக்குகள், அருகருகே இரண்டு நண்பர்கள். வாஷின் பொன்னிறத் தலைமுடியும் சக்தியைச் செலவழிக்கச் செலவழிக்க வேரிலிருந்து கருத்துக்கொண்டே போகிறது. குமிழுக்குள் இருக்கும் தன் இனத்தைப் போலவே அவனும் கொடுத்துத் தீர்கிறான். அவனை மட்டும் யாரும் அடைத்து வைக்கவில்லை.