படிக்கவும் மூன்று வரி, பதிப்பிக்கவும் மூன்று வரி

ஒரு வலைப்பதிவின் ஓடையை (ஃபீட்) எடுத்துத் தலைப்புகளை வரிசையாகக் காட்ட, பைத்தானில் ஃபீட்பார்சர் லைப்ரரி இருந்தால் மூன்று வரி போதும். அதே வலைப்பதிவில் புதிய பதிவை ஏற்றவும் லைப்ரரிகள் உண்டு. அங்கும் கிட்டத்தட்ட மூன்று வரிதான். இரண்டும் ஒரே ரகமான வேலை என்ற நினைப்பை இந்தச் சின்ன நிரல்கள் ஊட்டிவிடுகின்றன. வாசிப்பதில் லைப்ரரி செய்யும் உபகாரம் பெரிது. பதிப்பிப்பதில் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி என்று ஒன்று இருப்பதே வெளியில் தெரிவதில்லை.

வாசிப்பை முதலில் பார்ப்போம். மார்க் பில்கிரிம் 2002-இல் ஃபீட்பார்சரைத் தொடங்கியபோது ஆர்.எஸ்.எஸ். என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல வடிவங்கள் உலவின. பின்னர் ஆட்டம் என்ற இன்னொரு வடிவமும் வந்து சேர்ந்தது. மூடாத டேக், அப்படியே விட்டுவைத்த ‘&’ என்று ஓடைகளில் பிழைக்கும் குறைவில்லை. இவற்றைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது எக்ஸ்எம்எல் விதி. ஃபீட்பார்சர் முதலில் விதிப்படி படிக்கப் பார்க்கும்; முடியாவிட்டால் தளர்ந்த முறைக்கு மாறி, கிடைத்ததை எடுத்துக் கொடுக்கும். மாறியதை மறைப்பதுமில்லை. ‘போஸோ’ என்ற குறியை 1 ஆக்கி, காரணத்தையும் கூடவே வைக்கும். ஊகித்துச் செய்கிற நிரலுக்கு இதைவிட நேர்மையான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடைகளை நம்பியே நடந்த காலத்திலிருந்து தமிழுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 2001-இன் ஆர்.எஃப்.சி. 3023 விதிப்படி, வழங்கி ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்று மட்டும் சொல்லி எழுத்துக்குறி வகையைச் சொல்லாமல் விட்டால், அந்தக் கோப்பை ஆஸ்கி என்றே கொள்ள வேண்டும். ஆஸ்கியில் இருப்பவை 128 குறிகள். தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. 2014-இல் அந்த விதி மாறியது. ஃபீட்பார்சர் அதற்கு முன்பே இப்படிப்பட்ட ஓடையை யூடிஎஃப்-8 ஆகப் படித்துத் தமிழைச் சரியாகக் கொடுத்துவிட்டு, “ஆஸ்கி என்று அறிவித்திருந்தார்கள், யூடிஎஃப்-8 ஆகப் படித்தேன்” என்ற பொருளில் ஒரு குறிப்பும் வைத்துப் போஸோவை 1 ஆக்கும். இது தெரியாமல், போஸோ 1 என்றால் ஓடையைத் தள்ளிவிடு என்று ஒருவர் எழுதினால் நல்ல தமிழ்ப் பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பழியை லைப்ரரிமேல் போட முடியாது. அது சொன்னதை நாம் படிக்கவில்லை.

அதன்மேல் போட வேண்டிய பழியும் இருக்கிறது. முகவரியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்ல அதில் இடமில்லை. பதில் தராமல் இழுத்தடிக்கும் ஒரு வழங்கி போதும், வரிசையில் நிற்கும் மற்ற ஓடைகளும் அதோடு நின்றுவிடும். அதனால் ஓடையை வேறொரு லைப்ரரியால் நேர வரம்போடு இறக்கிவிட்டு, படிக்கும் வேலையை மட்டும் ஃபீட்பார்சரிடம் விடுவதே நல்லது.

ஓடை படிக்கும் லைப்ரரிகள் கவலைப்படாத இன்னொரு சங்கதி, சுருக்கம் வெட்டுவது. முதல் 200 குறிகளை மட்டும் காட்டு என்று பைத்தானிடம் சொன்னால் அது யூனிக்கோடு குறிகளை எண்ணும். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து குறி. வெட்டு நான்காவதில் விழுந்தால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். ஓபன்-தமிழ் லைப்ரரி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் என்பதால் இதற்கு வழி இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், வாசிப்பில் நேரும் பிழை நம் திரையோடு போய்விடும். மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. பதிப்பிப்பதில் அந்த வசதி இல்லை.

பழைய பிளாகர் ஏபிஐயில் பதிவுக்குத் தலைப்பென்று தனி இடமே கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க 2002-இல் டேவ் வைனர் மெட்டாவெப்லாக் என்ற ஏபிஐயைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒவ்வோர் அழைப்போடும் கடவுச்சொல் அப்படியே போகும். வேர்ட்பிரஸ் இந்த வகை அழைப்புகளுக்காகத் திறந்துவைத்த எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வாசல் வழியாக, ஒரே கோரிக்கையில் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை முயன்று பார்க்கும் தாக்குதல்கள் 2015-இல் நடந்தன. 2020-இல் வந்த செயலிக் கடவுச்சொல் நிலைமையைக் கொஞ்சம் சீராக்கியது. ஆனால் அதற்குத் தனி வரம்பு எதுவும் இல்லை. யார் கணக்கோ, அவருடைய அதிகாரம் முழுவதும் நிரலுக்கு வந்துவிடும். நிர்வாகியின் கணக்கை நிரலிடம் ஒப்படைக்க ஒரு நியாயமும் இல்லை. பங்களிப்பாளர் கணக்கு போதும். அதைக்கொண்டு வரைவு எழுத முடியும், வெளியிட முடியாது. படம் ஏற்றவும் முடியாது என்பது தொல்லைதான்.

வரைவு என்றதும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நிலையைக் குறிப்பிடாமல் பதிவை அனுப்பினால் வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ அதை வரைவாக வைத்துக்கொள்ளும். பிளாகரின் மூன்றாம் பதிப்பு ஏபிஐயில் வரைவு என்று சொல்லாவிட்டால் உடனே வெளியாகிவிடும். ஓரிடத்தில் பழகிய கை இன்னோரிடத்தில் சோதனைப் பதிவை ஊரறிய ஏற்றிவிடும். பிறகு அழிக்கலாம், ஆனால் ஓடை வழியாக அதற்குள் எடுத்துப் போனவர்களிடம் பிரதி இருக்கும்.

லைப்ரரிகளின் ஆயுளும் ஒன்றல்ல. ஃபீட்பார்சரைத் தொடங்கியவர் 2011-இல் இணையத்தைவிட்டே விலகினார். வேறு கைகள் அதை எடுத்து நடத்துகின்றன, பழைய ஓடைகளை இன்றும் அது படிக்கிறது. ஆர்.எஸ்.எஸ். 2.0-உம் ஆட்டமும் எந்த நிறுவனத்தின் பிடியிலும் இல்லை, மாறுவதும் இல்லை. பதிப்பிக்கும் பக்கத்தில், கூகுள் கிளையண்ட்லாகின் என்ற தன் பழைய நுழைவு முறையை 2015-இல் மூடியதும் கடவுச்சொல் கொடுத்துப் பிளாகரில் ஏற்றிய பழைய நிரல்கள் நின்றன. பைத்தான்-வேர்ட்பிரஸ்-எக்ஸ்எம்எல்ஆர்பிசிக்கு 2014-க்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை. அது நம்பியிருந்த ஒரு பழைய பெயரைப் பைத்தான் 3.10 நீக்கியதும் அதுவும் முடங்கியது. அதனால் வாசிக்க லைப்ரரி, பதிப்பிக்க நேரடி எச்டிடிபி அழைப்பு என்பதே என் கட்சி. சில வரிகள் கூடும். உடைந்தால் எங்கே உடைந்தது என்று தெரியும்.

நேரடியாக எழுதும்போது முதலில் கவனிக்க வேண்டியது பதிவின் முகவரிப் பெயர். அதை நாம் தராவிட்டால் வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து ஆக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். மொத்த இடம் 200. ஆக 22 குறிகளுக்குமேல் நிற்காது, நீளத் தலைப்பு பாதியில் அறுபடும். நாமே ஒரு சிறு பெயரை வைத்துவிட்டால் இன்னொரு பயனும் உண்டு. பதிவை அனுப்பிவிட்டுப் பதில் வருமுன் இணைப்பு அறுந்தால், ஏறியதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் வேர்ட்பிரஸ் மறுக்காது. இரண்டாவதன் முகவரி வாலில் ‘-2’ ஒட்டி ஏற்றுக்கொள்ளும். அனுப்புமுன் அதே பெயரில் பதிவோ வரைவோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் அனுப்ப வேண்டும்.