கச்சேரி மேடையில் சொந்தப் பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனிப் பூக்குழித் திருவிழா ஆகட்டும், ராஜபாளையத்துத் தெருப் பொங்கல் ஆகட்டும், மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கிற உச்சப் பாராட்டு "ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சுப்பா" என்பதுதான். அதற்காகக் கீபோர்டுக்காரர் படும் பாடு கொஞ்சமல்ல. இளையராஜா பாட்டின் இடையிசையில் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் மாறி மாறி வரும். இங்கே இருப்பதோ ஒரே ஆள். இடது கையில் பேஸ், வலது கையில் வயலின் டோன். கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டனைத் தட்டிக் குழலுக்குப் போயாக வேண்டும். ஒரு சுரம் பிசகினால் முன்வரிசைப் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். இதை வெறும் காப்பி என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு ராத்திரி வாசித்துப் பார்க்கட்டும்.

இத்தனை கைத்திறன் உள்ளவர்கள் சொந்தமாக ஒரு மெட்டுப் போட மாட்டார்களா? போடுவார்கள், மேடையில் பாட மாட்டார்கள். "சனம் சினிமாப் பாட்டுத்தான் கேக்கும்" என்பது வழக்கமான பதில். இது பாதி உண்மை. கச்சேரியின் தொடக்கத்தைக் கவனியுங்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் தனிப்பாடல்கள், ஆண்டவன் பிச்சை எழுதி டி.எம்.எஸ். பாடிய 'உள்ளம் உருகுதய்யா', இவற்றில் எதுவும் படத்துக்காகப் பிறந்ததல்ல. கோயில் குழாய் ஸ்பீக்கரில் வருஷா வருஷம் ஒலித்தே ஊருக்குச் சொந்தமாயின. சனம் கேட்பது காதுக்குப் பழகிய பாட்டை. சினிமா அந்தப் பழக்கத்தை வேகமாக உண்டாக்குகிறது, அவ்வளவுதான்.

புதுப் பாட்டு இந்தப் பக்கங்களில் எப்போதும் பழகிய ஒன்றின் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறது. சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாஸ், வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் காட்சிக்குள் வெள்ளைக் கொக்குப் பாட்டை நுழைத்தார். கொக்கு யாரென்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். 1940 கடைசியில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இன்னும் வடக்கே பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் வேறு வழி பிடித்தார்: ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டில் கட்சிப் பிரச்சார வரிகளை ஏற்றினார். அந்தக் குழுவில் வாசித்துப் பழகிய தம்பி இளையராஜாதான் 1976இல் 'அன்னக்கிளி'யோடு திரைக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பாட்டிலோ கதை தலைகீழ். திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஒரு சொல்லைத் தொட முடியாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டை மட்டும் புதிதாகக் கட்டினார். இன்று பலருக்கும் அதுவே ஆதிமெட்டு.

சினிமாப் பாட்டைப் பாடுவதற்காகச் சட்டமும் இந்தக் குழுக்களைப் பெரிதாக நெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்யாண வைபவத்துக்கும் சமயச் சடங்குக்கும் விலக்குத் தருகிறது. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து பாடகர் எஸ்.பி.பி.க்குப் போன பதிப்புரிமை நோட்டீஸ், டிக்கெட் போட்டு நடக்கும் பெரிய மேடைகளைப் பற்றியது.

2018இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சொந்தப் பாட்டுகளோடே மேடையேறியது. கானா அதற்கு அடித்தளம், பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பக்கபலம். ராஜபாளையத்துக் குழுவுக்கு அப்படி யாருமில்லை. முன்பணம் கொடுக்கிற விழாக் கமிட்டிதான் புரவலர்.

ஆகவே கமிட்டிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மன் பாட்டு முடிந்து சினிமாப் பாட்டு தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பஞ்சாலை நைட் ஷிப்டையோ பால்கோவா அடுப்படியையோ பற்றி, குழுவே எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டைப் பாடட்டும். முதல் வருஷம் கைதட்டல் விழாது. அடுத்த வருஷமும் அதே பாட்டையே பாடச் சொல்லுங்கள்.