எருமைப்பால் தோய்ந்த ஓவியம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஓர் உழவுக் குடும்பத்தின் வீட்டைச் சுற்றி என்னென்ன இருக்கும்? தொழுவத்தில் எருமை. கொல்லையில் புளியமரம், கிணற்றடியில் மாதுளை. பரணில் வெல்லம். ஒரு மூலையில் தேய்ந்த கொழு, லாடம், துருப்பிடித்த ஆணி. மருந்துப் பெட்டியில் நாலைந்து கடுக்காய். எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் இவை கண்ணில் படும். கையால் சித்திரம் எழுதிய ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிச் சீலை பெரும்பாலும் இந்தப் பொருள்களைக் கொண்டே பிறக்கிறது. அரண்மனைக் கூடத்தில் தொங்கினாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்தாலும் அது மாடும் கொல்லையும் வெயிலும் சேர்ந்து செய்த கலை. அதை அப்படிப் பார்க்கப் பழகியவருக்கே அதன் அழகு முழுதாகப் பிடிபடும்.

ஸ்ரீகாளஹஸ்தி நமக்குத் திருக்காளத்தி. தேவார மூவரும் பாடிய வாயுத்தலம். ஊரைத் தழுவி ஓடும் ஸ்வர்ணமுகி நம் பழைய நூல்களின் பொன்முகலி. 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கேதான் கண்ணப்பர் வாயில் ஆற்று நீரும் தலையில் காட்டுப் பூவும் கையில் வேட்டைக் கறியுமாக இறைவன் முன் நின்றார். எட்டாத எதையும் அவர் தேடிப் போகவில்லை. கைக்கு எட்டியதையே பூசைப் பொருளாக்கினார். காளத்தி ஓவியர்களும் அதையேதான் செய்தார்கள். கோயில் சுவர்களுக்கும் தேர்களுக்கும் அவர்கள் எழுதித் தந்த ராமாயண, பாரதச் சீலைகள் அப்படிப் பிறந்தவை.

வேலை தொழுவத்தில் தொடங்குகிறது. கஞ்சி போக அலசிய காடாத் துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலுக்குள் இறங்கி, பின்னால் வரப்போகும் சாயத்துக்காகக் காத்திருக்கும். பாலின் கொழுப்பு நூலிழைகளுக்கு நடுவே படிந்து, மை பரவாமல் தடுக்கும். பால் தண்ணீராக இருந்தால் கோடு கசியும். கெட்டியான பாலில் தோய்ந்த துணியில் கோடு போட்ட இடத்திலேயே நிற்கும். சீதையின் கண்ணிமையில் காணும் மயிரிழை நுட்பத்துக்கு எருமையின் கொழுத்த பாலும் ஒரு காரணம். சீலையின் தரையில் தெரியும் அந்த வெதுவெதுப்பான தந்த நிறமும் கடுக்காயும் பாலும் தந்ததே. புதிய கலம்காரிச் சீலையை முகத்தருகே கொண்டுபோனால் பாலும் துவர்ப்பும் கலந்த ஒரு மணம் வரும். எனக்கு அந்த மணமே ஓவியத்தின் முதல் வரி.

அடுத்தது கரி. புளியங்குச்சிகளைச் சுட்டுக் கரியாக்கி, அதைக்கொண்டு உருவங்களின் ஓட்டத்தை லேசாகக் கீறிக்கொள்வார்கள். பிறகு கலம். மூங்கில் சிம்பின் நுனியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுக்கினால் கலம் தயார். அந்தச் சுற்று சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல் அழுத்த அழுத்தச் சாயம் நுனிக்கு இறங்கும். கோட்டின் தடிமன் விரலின் அழுத்தத்தில் இருக்கிறது. கோடு போட ஒரு கலம், வண்ணம் நிரப்ப மொண்ணையான இன்னொரு கலம்.

கறுப்பு மைக்குக் கசிமி என்று பெயர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பானையை மூடி, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிடுவார்கள். புளிப்பு இரும்பைக் கரைக்கும். அந்த நீர் கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் இரும்பும் துவர்ப்பும் கூடிக் கறுக்கும். துவைத்தாலும் போகாத கறுப்பு அது. எந்த வீட்டிலும் எறிந்துவிடக்கூடிய ஆணியும் லாடமும் இராமனின் வில்லாகவும் அனுமனின் வாலாகவும் மாறுவது இங்கேதான். கறுப்பு குப்பியில் இருப்பதில்லை, பால் தோய்ந்த துணியும் கசிமியும் சந்திக்கும் கணத்தில் பிறக்கிறது.

சிவப்பில்தான் இந்தக் கலையின் மாயம் இருக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவுவார்கள். படிகாரத்துக்கு நிறமில்லை. ஓவியர் அப்போது வரைவது கண்ணுக்குத் தெரியாத ஓவியம். பிறகு துணியை ஓடுநீரில் அலசி மிச்சப் படிகாரத்தைப் போக்கி, செம்பு அண்டாவில் சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவைப்பார்கள். கொதிக்கக் கொதிக்கப் படிகாரம் பட்ட இடம் மட்டும் அழுத்தமாகச் சிவக்கும். மற்ற இடங்களில் ஒட்டும் லேசான செம்மையைப் போக்கச் சாணக் கரைசலில் ஊறவைத்து, மணலில் விரித்து, நீர் தெளித்து வெயில் காட்டுவார்கள். சாணமும் சூரியனும் சேர்ந்து வெளுப்பைத் திருப்பித் தரும். இம்பூறல் என்று நாம் மூலிகையாக அறிந்த செடியின் வேரே சாயவேர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளர்ந்த அந்த மெல்லிய வேர், ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆட்டிவைத்தது.

மஞ்சள் கடைசியில் வரும், நீலமும் அப்படியே. துணியை மறுபடி பாலில் தோய்த்து உலர்த்திய பிறகே அந்த இரண்டும். கடுக்காய்ப்பூவும் மாதுளைத்தோலும் மஞ்சளைத் தரும். நீலம் அவுரியிலிருந்து வரும். மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பச்சை. ஆக, மொத்த வண்ணங்களும் சில கைப்பிடிப் பொருள்களுக்குள் அடங்கிவிடுகின்றன. கலம்காரியில் எந்த நிறமும் இன்னொன்றோடு சண்டையிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே கடுக்காயின் மேல், ஒரே பாலின் மேல் அமர்ந்தவை.

இத்தனை படிகளையும் ஒருவர் தனியாகச் செய்துவிட முடியாது. மரபாக இது குடும்ப வேலை. மூத்தவர் உருவங்களை எழுதுவார். மற்றவர்கள் வண்ணம் நிரப்புவார்கள், துணியை நனைப்பார்கள், அலசுவார்கள், அண்டாவுக்கு விறகு தள்ளுவார்கள். காலையில் கறந்த பால் அடுப்புக்கும் துணிக்குமாகப் பிரியும். மழை மேகம் கூடினால் களத்தில் காயும் கடலையை அள்ளும் அதே பரபரப்போடு சீலையையும் சுருட்ட வேண்டும். வெயில் குறைந்த நாளில் வெளுப்பு நடக்காது. ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அலசல் நிற்கும். பொன்முகலி ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் ஆறு, அதனால் ஓவியரின் நாட்காட்டியும் உழவரின் நாட்காட்டியும் ஒரே வானத்தைப் பார்த்தே நகர்கின்றன. இந்த வீடுகளில் பிள்ளைகள் கலையைப் பாடமாகப் படிப்பதில்லை. பால் கெட்டியா, பானை புளித்ததா, துணி காய்ந்ததா என்று பார்த்துச் சொல்லும் சின்ன வேலைகளில் கண்ணும் மூக்கும் முதலில் பழகும். கலம் கைக்கு வரும்போது பாதி வித்தை உடம்புக்குள் வந்திருக்கும்.

ஐரோப்பா இந்த வித்தைக்கு எப்படி ஏங்கியது என்பதை வரலாறு சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் அங்கே போய் இறங்கியபோது உள்ளூர் நெசவாளர்கள் அஞ்சினார்கள். பிரான்ஸ் 1686இல் தடைபோட்டு 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1721இல் இந்தியச் சித்திரத் துணியை உடுத்துவதையே தடுத்தது. 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார், நம் கரையில் துணிக்குச் சித்திரம் எழுதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, செய்முறையைப் படிப்படியாக ஊருக்கு எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. இரகசியம் என்று ஐரோப்பியர் தேடியது ஓர் உழவர் வீட்டின் அன்றாடம்தான்.

அத்தனை பெருமை பெற்ற கலை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒருசிலர் கையில் மட்டுமே எஞ்சியிருந்தது. கைவினைகளுக்குப் புத்துயிர் தந்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் அரசுப் பயிற்சி மையம் தொடங்கியது. அதில் ஆசிரியராக இருந்து கற்றுக்கொடுத்தவர் ஜொன்னலகட்ட லட்சுமையா. அவர் மகன் குரப்ப செட்டி அந்தக் கலையை உலகறியச் செய்து, 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். அரசு மையத்தோடு தகப்பனும் மகனும் என்ற உறவும் சேர்ந்தே இந்தக் கலையை உயிர்ப்பித்தது; வீட்டுக்குள் வளர்ந்ததைக் காப்பதில் வீட்டுக்கும் பங்கிருந்தது. சென்னைக்கும் இதில் பங்குண்டு. கமலாதேவியின் ஊக்கத்தோடு 1978இல் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் அதன் நிறுவனர் ருக்மிணி தேவி கலம்காரிப் பிரிவைத் தொடங்கினார். கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் நம் பக்கத்துக் கலம்காரி இன்றும் நடக்கிறது. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இனி, ஒரு சீலையை எப்படிப் பார்ப்பது? முதலில் கோட்டைப் பாருங்கள். கையால் எழுதிய கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, கலம் சாயம் தொட்ட இடத்தில் சற்றே அழுந்தி ஓடும். அச்சிட்ட கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். அடுத்து, திரும்பத் திரும்ப வரும் ஒரே பூவைப் பாருங்கள். கையால் எழுதியதில் இரண்டு பூ ஒன்றாக இராது. பிறகு சிவப்பு. கொதித்து ஏறிய சிவப்பில் ஆழம் இருக்கும், ஓரிடம் அடர்ந்து ஓரிடம் தளர்ந்திருக்கும். கடைசியாகக் கதையின் ஓட்டம். நடுவில் பட்டாபிஷேகம், சுற்றிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்தை ஒட்டித் தெலுங்கு வரிகள், அகன்ற கண்கள், நெருக்கமான ஆபரணங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் காளஹஸ்தி ராமாயணச் சீலை இந்த அமைப்பின் நிறைவான உதாரணம். ஓவியர் ஒரு காவியத்தையே ஒரு துணிக்குள் அடுக்கியும் மூச்சுவிட இடம் வைத்திருக்கிறார்.

இப்போது பண்ணை வீடுகளில் கைவினைப் பயிலரங்கு நடத்தும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. திருவண்ணாமலைக்கு அருகே உள்ள மருதம் பண்ணைப் பள்ளி நடத்தும் கைவினை வாரம் அதற்கு நல்ல முன்மாதிரி. கலைஞர்கள் வந்து கற்றுத்தர, குழந்தைகள் மண்ணுக்கு நடுவில் உட்கார்ந்து கைவேலை பழகுகிறார்கள். கலம்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடையாது. குளிரூட்டிய அரங்கில், தயாராக வந்த துணியில், தயாராக வந்த மையால் இரண்டு மணி நேரம் மயில் வரைவது விளையாட்டு. மாடு கறக்கும் வீட்டில், புளியங்குச்சி சுட்டு, பானையை முகர்ந்து, வெயிலுக்குக் காத்திருந்து கற்பதுதான் கலம்காரி.

ஆகையால் கற்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: துணியைப் பாலில் நனைப்பது முதல் அலசி உலர்த்துவது வரை கூடவே இருக்கவைக்கும் வீட்டையோ பண்ணையையோ தேடிச் சேருங்கள். வாங்க விரும்புகிறவர்கள் இதில் எத்தனை பேருடைய எத்தனை வார வேலை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு கேளுங்கள். அந்த விலை ஓவியருக்கு மட்டுமன்றி, ஓர் எருமைக்கும் ஓர் ஆற்றுக்கும் ஒரு குடும்பத்தின் காலத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. நியாயமான விலை கிடைத்துக்கொண்டிருக்கும் வரை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கலத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.