கருணாமிர்த சாகரமும் கலை நிர்வாகமும்

கலையை நடத்துவதற்கு ஆராய்ச்சி எதற்கு, பந்தலும் ஒலிபெருக்கியும் மானியமும் போதாவா என்று கேட்போர் உளர். அவர்களுக்குரிய விடை தஞ்சை மண்ணிலேயே கிடைக்கிறது.

ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, பாடுவோரையும் இலக்கணம் அறிந்தோரையும் ஒரே அவையில் அமர்த்தினார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்ற கொள்கை அன்று செல்வாக்குடன் விளங்கியது. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்த பண்டிதரோ 24 என்றார். சொன்னதோடு அமையாமல், 1916இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டுக்குத் தம் புதல்வியரையும் அழைத்துச் சென்று இசைத்துக் காட்டச் செய்தார். மறு ஆண்டு கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அவர் கணக்கை ஏற்காதோரும் பலர். ஆயினும் கொள்கையைக் காதுக்கும் விரலுக்கும் முன்னே நிறுத்திய அவர் முறையைக் குறை கூற இயலாது.

மதரஸா வழக்கில் இதனை இல்மும் அமலும் இணைதல் என்போம். பத்தாம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மூசீக்கில் கபீர்’ இயற்றிய அல்-ஃபாராபியும், இசைக்கும் பழக்கமே முந்தியது, இலக்கணம் பிந்தியது என்றே கருதினார்.

இன்று தஞ்சையில் ஆராய்வதற்கு 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் உண்டு. விழா நடத்துவதற்கு 1986இல் தோன்றிய தென்னகப் பண்பாட்டு மையம் உண்டு. பணி பிரிந்திருப்பதில் பிழையில்லை. ஆனால் எது கலை, அது எவ்வகை என்ற வரையறை இன்றி எந்த அலுவலகமும் கலைஞர் பட்டியல் எழுத முடியாது. எழுதுவோர் அறிந்தோ அறியாமலோ ஒரு கொள்கையைக் கையாளவே செய்கின்றனர். அந்தக் கொள்கை ஆராயப்படாததாயின் இழப்பு யாருக்கு?

நம் முனாஜாத்தையும் கிஸ்ஸாவையும் எடுத்துக்கொள்வோம். இராகம் உண்டு; ஆகவே நாட்டார் கலை என்று ஒதுக்க மனம் வராது. கச்சேரி மரபில் வரவில்லை. ஆகவே செவ்வியல் என்னார். சமயப் பாட்டுத்தானே என்று விட்டுவிடுவது எளிது. பகைமை சிறிதும் இன்றியே ஒரு மரபு பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும்!

1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு, பழைய நூல்களைத் தேடும் ஆர்வத்தை வளர்த்தது. ஏடுகள் ஓரளவு பிழைத்தன. மெட்டுகள்? அச்சேறிய கிஸ்ஸாவில் சொல் இருக்கும், குரல் இராது. கடைமடை ஊர்களில் அவற்றைப் பாட அறிந்த முதியோரை ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆய்வாளர் நாடிச் செல்ல வேண்டும். அவர்கள் குறித்துத் தருவதைக் கொண்டே மையம் மேடையும் சன்மானமும் வகுக்க வேண்டும். நாகூர்க் கந்தூரி நாட்களிலேயே இதனைத் தொடங்கலாம்; பாடுவோர் பலர் அப்போது தாமே வந்து கூடுவர்.