வெண்ணரையும் வேனிற் பள்ளியும்

நரை கண்டதா? பேரன் பிறந்தானா? இனிக் காட்டுக்குப் புறப்படு! முதுமைக்கு மனுநீதி எழுதிவைத்த முகவரி அது. வானப்பிரத்தம் என்று அதற்குப் பெயர். அதற்கும் அப்பால் சந்நியாசம். அந்தக் காடுகூட எல்லோர்க்கும் உரியதன்று. பூணூல் பூண்டோர்க்கே உரியது. ஏரோட்டி, மூட்டை சுமந்து, துணி வெளுத்து, உடல் தேய்ந்த கிழவனுக்கு அந்நூல் காட்டிய வழி ஒன்றுமில்லை. அவனுக்குத் திண்ணை உண்டு. திண்ணையில் இராமநாமம் உண்டு. பின்னர் சுடுகாடு உண்டு. ஏடு மட்டும் இல்லை! இளமையில் மறுக்கப்பட்டதை முதுமையில் கொடுக்கலாமே என்று எவரும் எண்ணவில்லை.

முதியவன் வீட்டுக்குப் பாரம் என்ற நினைப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் அந்நினைப்பை மறுத்து, "வா பெரியவரே, வகுப்பில் அமர்க!" என்றழைக்கும் ஏற்பாடொன்று அமெரிக்க நாட்டில் வளர்ந்திருக்கிறது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் கோடைதோறும் முதியோர்க்கு வாழ்நாள் கல்வி வகுப்புகள் நடைபெறுகின்றன. அவ்வேற்பாட்டைப் பாராட்டவும் வேண்டும். உரைகல்லில் உரைத்துப் பார்க்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

சமுதாயக் கல்லூரி என்பது யாது? ஊரார் வரிப்பணத்தில், ஊராருக்கு அருகில், குறைந்த கட்டணத்தில் ஈராண்டுக் கல்வி தரும் நிலையம். அவற்றுள் மூத்தது, 1901 இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 6 மாணவருடன் தொடங்கியது. 1947 இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டுமென்றது. வயது வந்தோர் கல்வியும் அவற்றின் கடமை என்றது. 1962 இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் நிலையத்தில், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர்கள் கூடித் தமக்குள் தாமே பாடம் நடத்தும் கழகமொன்று கண்டனர். 1975 கோடையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் 5 கல்லூரிகள், மாணவர் ஊர் சென்றதால் வெறுமையாய்க் கிடந்த விடுதிகளை முதியோர்க்குத் திறந்துவிட்டன. எல்டர்ஹாஸ்டல் என்பது அத்திட்டத்தின் பெயர். வந்தவர் 220 பேர். அதே 1975 இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கல்லூரி, எமரிட்டஸ் என்ற பெயரில் முதியோர்க்கென்றே கட்டணமில்லா வகுப்புகளைத் தொடங்கிற்று.

வரலாறு கற்கிறார்கள், வானநூல் கற்கிறார்கள், ஓவியம் தீட்டுகிறார்கள், தம் வாழ்க்கையைத் தாமே எழுதப் பழகுகிறார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, பட்டம் இல்லை. "படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. இதுதான் அவ்வேற்பாட்டின் பெருமை. கல்வி என்றால் சான்றிதழ், சான்றிதழ் என்றால் சம்பளம் என்று கணக்கிட்டே பழகிவிட்ட உலகத்தில், அறிவு அறிவுக்காகவே என்று எழுபது வயதில் ஒருவர் ஏடெடுப்பது சிறிய செய்தியா? வள்ளுவர் கல்விக்கு வகுத்த எல்லை சாவு, வயது அன்று.

பாராட்டு இம்மட்டில் நிற்க. குறை காண்போம்.

முதற் குறை, அழைப்பின் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. முதியோர்க்குக் கட்டணச் சலுகை தரும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. வர்ஜீனியா 1974 ஆம் ஆண்டிலேயே 60 வயது கடந்தோர்க்கு அத்தகைய சட்டம் இயற்றிற்று. நல்லது. ஆனால் அங்கும், அதனையொத்த பிற சட்டங்களிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: வகுப்பில் இடம் மிஞ்சினால்! பணம் கட்டுவோர் அமர்ந்தபின் எஞ்சும் நாற்காலி முதியவருக்கு. பந்தி முடிந்தபின் பரிமாறும் சோறு பசியை ஆற்றலாம். அதை விருந்தென்று அழைக்கலாமா?

இரண்டாங் குறை, கத்தரிக்கோல். பணமுடை வரும்போது அது எங்கே முதலில் பாய்கிறது? 1978 இல் கலிபோர்னிய வாக்காளர் நிறைவேற்றிய 13 ஆம் முன்மொழிவு சொத்துவரியைக் குறைத்தது; அவ்வரியை நம்பியிருந்த சமுதாயக் கல்லூரிகளில் வகுப்புகள் மறைந்தன. 2019 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி, பணமில்லையென்று அடுத்த பருவத்தின் ஏறத்தாழ 300 வகுப்புகளை நீக்கிற்று. முதியோர் வகுப்புகளிற் பெரும்பாலானவை அப்பட்டியலில் இருந்தன. "இவர்கள் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறார்கள்?" என்ற பழைய வினா, வாசலில் விரட்டப்பட்டு, கணக்குப் புத்தகத்தின் வழியே மீண்டும் உள்ளே நுழைகிறது.

மூன்றாவதே பெருங்குறை. அந்நாட்டின் முதியோர் வகுப்புகளில் அமர்வோர் யார்? பெரும்பாலோர் இளமையிலேயே கல்லூரி கண்டவர்கள். ஓய்வூதியம் உடையவர்கள், பகலில் ஓய்வும், வந்துபோக வண்டியும் உடையவர்கள். அவர்கள் கற்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இளமையில் எவனுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டதோ, அவன் முதுமையிலும் அக்கதவுக்கு வெளியிலேயே நிற்கிறான். உண்டவனுக்கே மறுசோறு, பட்டினி கிடந்தவனுக்கு மணம் மட்டும்!

இதற்கு மாற்றுத் தேட வேறெங்கும் போகவேண்டுவதில்லை. அதே அமெரிக்க நாட்டில் உண்டு. தென் கரோலினா மாநிலத்தில் சார்லஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் தீவு. கறுப்பின உழவர் வாழும் தீவு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேரவேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்பது அன்றைய விதி. பள்ளியை மறுத்தவனே, "உனக்குப் படிக்கத் தெரியவில்லை, ஆகவே வாக்கு இல்லை" என்றான்! சூழ்ச்சியின் முழு உருவம் இது. கல்வியையும் மறுத்து, கல்லாதவன் என்று இழித்தும் பேசிய கூட்டத்தை நாமும் அறிவோம்.

தீவு மக்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிய ஏசா ஜென்கின்ஸ், வண்டியிலேயே அச்சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். போதவில்லை, பள்ளி வேண்டும் என்றார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காக 1956 இல் வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை செப்டிமா கிளார்க், டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியின் துணையோடு வழிசெய்தார். 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டில், 14 பேருடன் வகுப்பு தொடங்கிற்று. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். கூந்தல் ஒப்பனையும் தையலும் அவர் தொழில். சிறுவர்க்கான பாடநூலை அவர் ஒதுக்கினார். வந்தவர்களையே, "எதைக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். கையெழுத்திட, கடிதம் படிக்க, பணவிடைப் படிவம் நிரப்ப என்றார்கள், அவையே பாடமாயின. 65 வயது மூதாட்டி ஒருத்தி, எழுதிவைத்த பெயர்களின் நடுவே தன் பெயரை எழுத்தெழுத்தாய்க் காட்டி, இது நான் என்றாள். அந்த ஒரு நொடிக்கு எந்தப் பட்டமளிப்பு விழா ஈடாகும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவ்வகுப்பு கோடையில் நடக்கவில்லை; வயல்வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் நடந்தது. கல்லூரிக்குக் கோடை ஓய்வு. உழவனுக்கு அது வேர்வைக் காலம். கட்டடம் எப்போது காலியாகிறது என்று பார்ப்பது ஒரு முறை. கற்பவன் எப்போது வரமுடியும் என்று பார்ப்பது மற்றொரு முறை. முன்னது நிலையத்தின் வசதி. பின்னது மனிதனின் உரிமை.

அப்படியானால் ஓவியமும் வானநூலும் வீணா? அல்ல! ஏழைக்கு எழுத்து, செல்வனுக்குக் கலை என்று பிரிப்பதும் ஒரு வருணாசிரமமே. எழுத்தறிந்த மூதாட்டிக்கு விண்மீன்களின் தொலைவையும் சொல்லுங்கள். கிரகணம் பாம்பு விழுங்குவதால் அன்று என்று விளக்குங்கள். ஜான்ஸ் தீவின் நோக்கமும் சாண்டா மோனிகாவின் பாடத்திட்டமும் ஒன்று சேரவேண்டும். அதுவே நாம் வேண்டும் வாழ்நாள் கல்வி.

நமக்கும் இதில் மரபு இல்லாமலில்லை. முடிதிருத்தகத்திலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் ஏடு படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்து கேட்ட காட்சியல்லவா நம் இயக்கத்தின் பாலபாடம்? ஊர்தோறும் எழுந்த படிப்பகங்கள், பெயர் சூட்டப்படாத முதியோர் கல்லூரிகளே. சில ஆண்டுகளே பள்ளி சென்ற பெரியார், 1973 டிசம்பர் 19 இல், 94 வயதில், சென்னை தியாகராய நகரில் இறுதிப் பேருரை ஆற்றும்வரை சிந்திப்பதை நிறுத்தவில்லை. அண்டைக் கேரளத்தில், கூட்டிப் பெருக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்த கார்த்தியாயினி அம்மா, 2018 இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100 க்கு 98 பெற்றார். மூளைக்கு நரை இல்லை என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

இளைஞர்காள்! படிப்பகத்துக்குப் பெயர்ப்பலகை எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடுமா? உள்ளே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உதவித்தொகைப் படிவத்தை ஏந்தி, "தம்பி, இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடு" என்று தெருவில் நிற்கும் பெரியவருக்கு நிரப்பிக் கொடுப்பது உதவி. நிரப்பக் கற்றுக் கொடுப்பது விடுதலை. எந்தத் திங்களில், எந்த வேளையில் அவருக்கு ஓய்வு என்று அவரையே கேளுங்கள். அந்த வேளையில் விளக்கேற்றுங்கள். மிஞ்சிய நாற்காலியை அன்று, முதல் நாற்காலியை அவருக்கு இடுங்கள்.