கிளிநொச்சியில் உடுக்கு, ரொறொன்ரோவில் வயலின், ஒரே பாட்டு!

கேளுங்கோ, கேளுங்கோ! கிளிநொச்சியில் என்ர அறைக்குள் பாயில் இருந்து முல்லைத்தீவுக் கூத்து அண்ணாவியார் ஒருவர் உடுக்கடிக்கிறார், பாரிஸில் ஒரு அண்ணை வேலை முடிந்து வந்து பேஸ் கிற்றாரைத் தூக்குகிறார், ரொறொன்ரோவில் ஒரு தங்கச்சி வயலின் இழுக்கிறாள், சென்னையில் ஒரு தம்பி புல்லாங்குழல். ஒருத்தரை ஒருத்தர் நேரில் கண்டதேயில்லை. ஆனால் பாட்டு ஒன்று!

இந்த விசர் எனக்குப் பிடித்தது 2008இல் வந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ காணொளியால். சாண்டா மோனிக்கா நகரத் தெருவில் ரோஜர் ரிட்லி என்ற தெருப்பாடகர் பாடியதைத் தூக்கிக்கொண்டு ‘பிளேயிங் ஃபோர் சேஞ்ச்’ குழு நாடு நாடாய்ப் போய், ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போனை மாட்டிச் சேர்த்த பாட்டு அது. அவர்கள் பறந்து பறந்து பதிந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரு மைக், பழைய லப்டொப், ஏ9 வீதியோரத்து 4ஜி!

எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்பீர்கள். எங்களுக்கும் ஆசைதான்! ஆனால் ரொறொன்ரோ 13,000 கிலோமீற்றருக்கும் அப்பால். ஃபைபருக்குள் ஒளியே செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். சத்தம் போய்த் திரும்ப, ஆகக் குறைந்தது செக்கனில் எட்டிலொரு பங்கு. 30 மில்லிசெக்கன் பிந்தினாலே தாளம் தள்ளாடும். அதனால் ஒருவர் பதிந்து அனுப்ப, மற்றவர் அதற்கு மேலே வாசிப்பது.

வழமையாய் முதலில் ‘கிளிக்’ போடுவார்கள், டிக் டிக் என்று. எல்லாரும் அதற்குக் கட்டுப்படவேணும். அண்ணாவியாரின் காதில் அதைப் போட்டேன். “இதென்ன தம்பி, மணிக்கூடோ? ஆட்டக்காரன்ர காலைப் பாத்தெல்லோ நான் அடிக்கிறது” என்று கழற்றி வைத்துவிட்டார். காத்தவராயன் சிந்துநடைக் கூத்தில் ஊறிய கை, கேட்குமா? பாரிஸ் அண்ணை விடிய விடிய இருந்து ஒவ்வொரு அடிக்கும் கோடு போட்டு, கணினியின் தாளத்தையே அந்தக் கைக்கு ஏற்றமாதிரி வளைத்தெடுத்தார். கிளிக் அண்ணாவியாருக்குப் பின்னால் நடந்தது ஐயா!

ஃபானை நிப்பாட்டி, யன்னலுக்குப் பெட்சீற் கட்டி, வேர்த்து ஒழுக ஒழுகப் பதிந்தோம். நடுவில் ஒரு மயில் அகவித் துலைத்தது. வெட்டவா என்று கேட்டதற்கு, “தொட்டீங்களெண்டா கொலை விழும் அண்ணா!” என்று ரொறொன்ரோவிலிருந்து வொய்ஸ் மெசேஜ். மயில் பாட்டில் இருக்கிறது. வாட்ஸப் வொய்ஸ் சத்தத்தை நசித்துவிடும் என்பதால் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகவே ஏற்றினோம். நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்பி.

இப்ப நினைத்துப் பாருங்கோ: நடுச்சாமம், ஊரே படுத்துவிட்டது, முதல் மிக்ஸ் இறங்கி முடிகிறது, ஹெட்போனை மாட்டுகிறேன், இடது காதில் உடுக்கின் கயிறு இறுகி அந்த ‘கும்ம்’ மெல்ல ஏறுகிறது, அடியில் பேஸ் வந்து அதைத் தாங்குகிறது, வலப்பக்கம் புல்லாங்குழல் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கிறது, என்ர மயில் அகவுகிறது, அந்த மயிலின் சுருதியையே பிடித்துக்கொண்டு, சத்தியமா அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு, வயலின் எழும்புகிறது பாருங்கோ, எனக்கு மேலெல்லாம் புல்லரித்து, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி ஆடினேன், நாய் குரைத்தது, அம்மா லைற்றைப் போட்டு “உனக்கென்ன பேயே பிடிச்சது?” என்றா, அவவின் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டேன்!

அண்ணாவியார் கேட்டுவிட்டு, “அந்த வயலின் பிள்ளை என்ர காலைப் பாத்து வாசிச்ச மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். அந்தப் பிள்ளையோ உடுக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி இப்பவும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் குறைக்கமாட்டேன்!