இரவல் காமிராவும் அகப்புற மரபும்

அக ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, பிரிவால் வாடும் தலைவியைப் பாடியும், பாண்டியர்க்குரிய வேம்பு அதனுள் குறிக்கப்பெற்றமையால் புறமாயிற்று என்பார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளம் பாட்டின் பாற்பாட்டையே மாற்றிவிடுகிறது. இவ்வளவுகோலை, வடபுலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பழைய புகைப்பட ஆல்பங்களிலும் வைத்துப் பார்க்கலாம்.

1960களிலும் 70களிலும் தில்லிக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் சொந்தக் காமிரா இல்லை. அலுவலக நண்பரிடம் ஓர் ஆக்ஃபா கிளிக்கை ஒரு பகலுக்கு இரவல் வாங்குவர். பிலிம் சுருளுக்குப் படங்கள் 12. மாலைக்குள் கருவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். ஆகவே குதுப்மினார் முன் ஒன்று, இந்தியா கேட் முன் ஒன்று. புத்தாடை உடுத்து, வெயிலுக்குக் கண் சுருக்கி, உயர வரிசையில் நிற்பர். படத்தின் பின்புறம் பெயர், ஊர், நாள். யாவும் புறம். குதுப்மினாரே அங்கு வேம்பு.

ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தந்தை உம்ராவ் சிங் (1870–1954) பல்லாண்டுகள் தம் மனைவியையும் மகளிரையும் தம்மையுமே படமெடுத்தார். அவற்றைக் காண்போர் ஓர் இல்லத்தினுள் நுழைந்த உணர்வைப் பெறுவர். அது செல்வர் வீட்டுக் கலை என்று ஒதுக்கிவிடலாகாது. செல்வம் அவர்க்குத் தந்த பேறு, ஒரு படத்தை வீணாக்கும் உரிமை.

இரவல் வாங்கியவர்க்கு அவ்வுரிமை ஏது? வீட்டினுள் எடுக்க அக்கருவிக்கு ஒளி போதாதென்பது உண்மையே. மொட்டைமாடி வெயிலில் வடாம் பிழியும் அன்னைக்கு அத்தடையுமில்லை. எனினும் அன்னை பட்டுடுத்திக் குதுப்மினார் முன் நிற்கிறார். வடாம் பிழியும் அன்னை எங்குமில்லை. காமிராவை உறையிலிட்டு ஒப்படைத்துத் திரும்பும் வழியில் 'நமக்கென ஒன்று' என எழுந்த ஏக்கத்தைப் பகட்டாசை என்று எள்ளுவாருளர். நாம் உடன்படோம். அது அகத்துக்கான ஏக்கம். பல இல்லங்களில் சொந்தக் காமிரா வந்து சேர்ந்தபோது அம்முகங்கள் இல்லை.

கதிரவன் முதுகுப்புறமிருக்க நின்று எடுத்தல் அந்நாளைய முறை. அதனால் சில படங்களின் அடியில் எடுத்தவரின் நிழல் நீண்டு கிடக்கும். பன்னிரண்டிலும் இடம்பெறாத தந்தை அவர். பின்புறத்தில் பெயரெழுதப்படாத அந்நிழல் ஒன்றையே நாம் அகத்துள் வைப்போம்.